வாடிய கத்தரியும் நீல நிறப் போத்தலும்: களுதாவளைத் தோட்டமொன்றில் நனோச் செம்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

களுதாவளையில் அரை ஏக்கர் கத்தரித் தோட்டம். மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், பூக்கத் தொடங்கியிருந்த செடிகள் நண்பகலில் தலை தொங்கின. மாலையில் நிமிர்ந்தன. சில நாட்களில் மாலையிலும் நிமிராமல் நின்ற நிலையிலேயே காய்ந்தன. தோட்டக்காரர் வழமையான பங்கசுநாசினிகளை மாற்றி மாற்றி இலை நனைய அடித்துப் பார்த்தார்; வாடல் நிற்கவில்லை. கடைசியாக ஒரு மருந்துக்கடையில் 'நனோ கொப்பர்' என்று பெயர் ஒட்டிய போத்தலொன்றைக் கொடுத்தார்கள். அவர் வழக்கமாக வாங்கும் செப்பு மருந்தைவிட விலை பல மடங்கு. வாங்கி வந்தவர் அடிப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். "மருமகன், இதை அடித்தால் செடி தப்புமா, இல்லை காசைக் கரியாக்குவதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சிறியதல்ல. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களைக் குறிக்கும் நனோ என்ற சொல் மட்டக்களப்பு விவசாயிகளுக்குப் புதியதுமல்ல. 2021இல் இரசாயனப் பசளைக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவப் பசளை தருவிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஹோமாகமையில் இயங்கும் ஸ்லின்டெக் நிறுவனம், யூரியாவை ஐதரொட்சி அபற்றைட்டு என்ற கனிமத்தின் நனோத் துகள்களுடன் இணைத்து மெல்ல மெல்ல நைதரசனை விடும் பசளையை உருவாக்கி, 2017இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டிருந்தது. தடை விலகிய பின்னும் கடைத் தட்டுகளில் அந்தப் பெயர் தங்கிவிட்டது. நல்ல சரக்கும் அந்தப் பெயரில் வரும், வெறும் சரக்கும் வரும்.

தோட்டம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் மட்டக்களப்பு வாவி. இடையில் ஒடுங்கிய மணல் நிலம். வெங்காயம், மிளகாய், கத்தரி, பாகல், வெற்றிலை எல்லாம் இந்த மணலில்தான் விளைகின்றன. நீர் ஆழத்தில் இல்லை. தோண்டிய கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். மணல் எதையும் பிடித்து வைப்பதில்லை. பசளையும் மருந்தும் மழையோடு கீழே இறங்கி அதே கிணற்றுக்குப் போகின்றன. பின்னால் வரும் முடிவுகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

எது நோய்?

வாடல் என்பது அறிகுறி; நோயின் பெயர் அல்ல. கத்தரியை வாட வைக்கும் கிருமிகள் குறைந்தது மூன்று உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. ஆகவே போத்தலைத் திறப்பதற்கு முன் செடியைத் திறந்தோம்.

தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், வாய்க்கால் முடிகிற இடத்தில் வாடிய செடி ஒன்றை முதலில் எடுத்தோம். தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டு முனை நீரில் முட்டும்படி நூலில் தொங்கவிட்டோம். குவளையை ஆட்டாமல் வைத்திருந்தோம். சில நிமிடங்களில் வெட்டு முனையிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை ஒன்று இறங்கி, அடிவரை போய்ச் சுருண்டது. இது பற்றீரியா வாடல், றல்ஸ்ரோனியா என்ற பற்றீரியாவின் வேலை. தோட்டக்காரரின் மனைவி குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இதுக்கா பூசண மருந்து அடித்தோம்?" என்று கணவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஆனால் மேட்டுப் பக்கத்துச் செடிகளில் அந்த இழை வரவில்லை. தண்டை நெடுக்காகப் பிளந்தபோது பட்டைக்கு உள்ளே கபிலக் கோடுகள் ஓடியிருந்தன. இலைகளில் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் பச்சையாகவும் நின்ற செடிகளும் இருந்தன. பியூசேரியம் என்ற பங்கசால் வரும் வாடலில் இப்படி இருக்கும். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது நுணுக்குக்காட்டியில் அரிவாள் வடிவ வித்திகள் தெரிந்ததும் அது உறுதியாயிற்று. இரண்டொரு செடிகளின் கழுத்தில், மண்ணோடு ஒட்டி வெள்ளை நூல்களும் கடுகளவு கபில மணிகளும் இருந்தன. அது ஸ்கிளிரோசியம் என்ற பங்கசால் வரும் கழுத்தழுகல். வேர்களை மணலிலிருந்து உதறி எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பல செடிகளின் வேர்களில் முடிச்சு முடிச்சாக வீக்கம். வேரைத் துளைக்கும் நுண்ணிய வட்டப்புழு. மணல் நிலத்தில் அது சுகமாக வாழும். அது துளைத்த இடத்தால் பியூசேரியம் வேருக்குள் நுழையும்.

அரை ஏக்கருக்குள் பற்றீரியா ஒன்று, பங்கசு இரண்டு, புழு ஒன்று. இலையில் அடித்த எந்த மருந்தும் இவற்றில் ஒன்றையும் தொட்டிருக்காது. நோய் தண்டின் நீர்க்குழாய்களுக்குள்ளும் வேரிலும் இருந்தது.

போத்தலுக்குள் இருந்தது

அடுத்தது போத்தல். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு செய்யாத எந்த மருந்தையும் இலங்கையில் விற்கக் கூடாது. பங்கசுநாசினிக்கும் அதே சட்டம்தான். இந்தப் போத்தலில் பதிவிலக்கமும் இல்லை, துகளின் அளவும் இல்லை, செம்பின் வீதமும் இல்லை. 'அனைத்து நோய்களுக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று எழுதியிருக்கும் போத்தலை நான் நம்புவதில்லை.

உள்ளே இருந்த திரவம் தெளிந்த நீலம். நீலம் என்பதே பெரிய துப்பு. நனோச் செப்பு ஒட்சைட்டு நீரில் கலந்திருந்தால் கரும் கபில நிறத்தில் இருக்கும். தெளிந்த நீலம் என்றால் செம்பு உப்பாகக் கரைந்திருக்கிறது, துருசை (செப்பு சல்பேற்றை) கரைத்தால் வரும் அதே நீலம். மேலும் இரண்டு சோதனைகள் செய்தோம். இரண்டுக்கும் செலவில்லை. சிறிதளவைத் தெளிந்த நீரில் கலந்து, பிள்ளைகள் விளையாடும் லேசர் விளக்கின் ஒளியைக் குறுக்காகப் பாய்ச்சினோம். நீரில் துகள்கள் மிதந்தால் ஒளிக்கோடு குவளைக்குள் பளிச்சென்று தெரியும். முழுதாகக் கரைந்த உப்பில் தெரியாது. தெரியவில்லை. பிறகு, உரசித் துடைத்த இரும்பு ஆணி ஒன்றைப் போத்தல் திரவத்தில் போட்டு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஆணியில் செந்நிறச் செம்பு படிந்தது. கரைந்த செம்பு உப்பை இரும்பு அப்படித்தான் வெளியே தள்ளும்.

ஆக, போத்தலில் செம்பு இருந்தது. நனோ இல்லை. அந்த விலைக்குத் துருசு வாங்கினால், சுண்ணாம்பு சேர்த்து ஊருக்கே போர்டோ கலவை என்ற பழைய செப்பு மருந்தைச் செய்து கொடுக்கலாம்.

நனோச் செம்பு உண்மையில் என்ன செய்கிறது

போத்தல் போலி என்பதால் நனோச் செம்பே போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. செம்பு பழைய மருந்து. 1885இல் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் துருசையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சாம்பல் நோய்க்குப் பயன்படுத்திய நாளிலிருந்து உலகம் அதை அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செம்பு இலையின் மேலே படிந்து காவல் நிற்கும். முளைக்க வரும் பங்கசு வித்தியைக் கொல்லும். உள்ளே நுழைந்துவிட்ட நோயை ஒன்றும் செய்யாது. இலையில் அடித்த செம்பு வேருக்கு இறங்குவதும் மிகக் குறைவு.

நனோவில் மாறுவது அளவு. 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துகள்களையே நனோத் துகள் என்கிறோம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர் ஆகிறது. பொருள் கூடவில்லை, தொடும் பரப்புக் கூடுகிறது. அதனால் சிறிதளவு செம்பே போதுமாகிறது. துகள் சிறிதாக இருப்பதால் இலைக்குள் நுழையும் வாய்ப்பும் வருகிறது.

இந்தத் தோட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும் வேலை ஒன்று அமெரிக்காவின் கனெற்றிக்கட் விவசாயப் பரிசோதனை நிலையத்தில் நடந்தது. வேட் எல்மரும் ஜேசன் வைற்றும் தக்காளி, கத்தரி நாற்றுகளின் இலைகளில் பலவகை உலோக ஒட்சைட்டு நனோத் துகள்களைத் தெளித்து, நோய்க்கிருமி கலந்த மண்ணில் நட்டுப் பார்த்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்பு ஒட்சைட்டு முன்னுக்கு வந்தது. தெளித்த கத்தரியில் நோய் குறைந்தது, விளைச்சல் கூடியது, வேரில் செம்பின் அளவும் கூடியிருந்தது. இலையில் அடித்தது வேருக்கு எட்டியிருக்கிறது. சாதாரணச் செம்பு செய்யாத வேலை அது. 2018இல் எல்மர் குழுவினர் வத்தகப்பழச் செடியில் பியூசேரியம் வாடலுக்கு எதிராகவும் இதையே காட்டினார்கள்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அந்தத் துகள் பங்கசை நேரடியாகக் கொல்லவில்லை. செம்பு செடிக்கு ஒரு நுண்ணூட்டம். பொலிபீனோல் ஒட்சிடேசு போன்ற பாதுகாப்பு நொதியங்கள் வேலை செய்யச் செம்பு வேண்டும். வேருக்குப் போதிய செம்பு கிடைத்த செடி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. ஆகவே இதை மருந்து என்பதைவிட ஊட்டம் என்பது பொருந்தும். நோய் வருவதற்கு முன், நாற்றுப் பருவத்திலேயே கொடுக்க வேண்டிய ஊட்டம். நீர்க்குழாய் அடைபட்டு வாடி நிற்கும் செடிக்கு இதை அடிப்பதில் பயனில்லை. போத்தலில் உண்மையான நனோச் செம்பே இருந்திருந்தாலும் அவரது செடிகள் தப்பியிருக்க மாட்டா.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த ஆய்வுகளில் லீற்றருக்குச் சுமார் அரைக் கிராம் செறிவில், நாற்று ஒன்றுக்கு ஓரிரு மில்லிலீற்றர்தான் தெளிக்கப்பட்டது. இவர் 90க்கு 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுகிறார். அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 3,750 செடிகள். நாற்றுக்கு 2 மில்லிலீற்றர் என்றாலும் ஏழரை லீற்றர் கரைசல், அதில் நாலு கிராமுக்கும் குறைவான செப்பு ஒட்சைட்டு. வழமையான செப்பு மருந்தை முதுகுத் தாங்கி ஒன்றுக்குப் போடும் அளவே இதைவிடப் பல மடங்கு. கணக்கைக் கேட்டதும் தோட்டக்காரர் நம்பவில்லை. தானே மண்ணில் குச்சியால் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் லீற்றர் கணக்கில் ஏன் விற்கிறார்கள்?" என்று கேட்டார்.

ஒரு தடையும் உண்டு. கனெற்றிக்கட்டில் கத்தரியை வாட்டியது வேர்ட்டிசிலியம். அது மிதமான குளிரை விரும்பும் பங்கசு. நமது வெக்கையில் கத்தரியை வாட்டுவது பெரும்பாலும் பியூசேரியமும் றல்ஸ்ரோனியாவும். வத்தகப்பழத்தில் கிடைத்த முடிவு பியூசேரியம் பற்றியது என்பதால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் அங்கே கிடைத்த பலனை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து களுதாவளை மணலில் வைக்க முடியாது.

கிணற்றுத் தண்ணீர்

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தண்ணீர்தான். ஆய்வுகூடத்தில் பணிபுரியும் நண்பரிடம் சிறிதளவு நனோச் செப்பு ஒட்சைட்டு வாங்கி, காய்ச்சி வடித்த நீரில் மீயொலிக் கருவியால் கலக்கி எடுத்து வந்தேன். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் அதைச் சம அளவில் ஊற்றி, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் அவருடைய கிணற்று நீரும் சேர்த்துத் திண்ணையில் வைத்தோம். தேநீர் குடித்து முடிவதற்குள் கிணற்று நீர்ப் போத்தலில் கரும் பொடி திரண்டு அடியில் படியத் தொடங்கியது. மேலே நின்ற நீர் வெளுத்துவிட்டது. மற்றப் போத்தல் அப்போதும் ஒரே சீராகக் கபிலமாக நின்றது.

காரணம் எளிது. நனோத் துகள்கள் தம் மேற்பரப்பிலுள்ள மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. கரையோரக் கிணற்று நீரில் உப்பு உண்டு. கல்சியமும் மக்னீசியமும் கலந்த கடின நீர் என்றால் இன்னும் மோசம். இரட்டை மின்னேற்றமுள்ள அயன்கள் சோடியத்தைவிடப் பன்மடங்கு வலுவாக அந்தத் தள்ளுகையை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டித் திரளும். திரண்ட பின் அவை நனோ அல்ல. சாதாரணக் கரும் பொடி. விலை மட்டும் நனோ விலையில் நிற்கும். அந்தப் பொடி தெளிகருவியின் முனையையும் அடைக்கும்.

மலைநாட்டில் ஓடை நீரில் கலந்து அடிப்பவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இராது. இந்தக் கரையோரத்தில் இது முதற் சிக்கல். சேமித்த மழைநீர் நல்லது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் நாற்றுமேடைக்குத் தேவையான ஏழெட்டு லீற்றர் பெரிய காரியமல்ல. முழுத் தோட்டத்துக்கும் தாங்கி தாங்கியாக அடிப்பது என்றால் கதை வேறு. நனோச் செம்பு இங்கே பயன்பட வேண்டுமானால் அது நாற்றுமேடையில்தான் என்பதற்குத் தண்ணீரும் ஒரு சாட்சி.

இறால் கோது பற்றிச் சில வார்த்தைகள்

செம்பைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. அது உக்குவதில்லை. மணலில் தங்குவதும் குறைவு. கிணற்றுக்கும் வாவிக்கும் போனால் மீனுக்கும் இறாலுக்கும் செம்பு நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் செப்பு மருந்துகளை ஏழு ஆண்டுகளில் எக்டேயருக்கு மொத்தம் 28 கிலோகிராமுக்கு மேல் அடிக்கக் கூடாதென்று 2019இல் மட்டுப்படுத்தியது. அரை ஏக்கர் நாற்றுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கிராம் என்பது இதற்குப் பக்கத்திலும் வராது. ஆனால் "கொஞ்சம் நல்லதென்றால் கூட அடித்தால் இன்னும் நல்லது" என்று நினைக்கும் கை நம் எல்லோருக்கும் உண்டு. வெள்ளி நனோத் துகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். விலையும் அதிகம், மண்ணில் நன்மை செய்யும் பற்றீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும்.

மாற்றாகக் கைட்டோசன் இருக்கிறது. இறால், நண்டுக் கோதுகளில் உள்ள கைற்றினைக் காரத்தில் பதப்படுத்தினால் கைட்டோசன் கிடைக்கிறது. அதை நீர்த்த அசற்றிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் திரைபொலிபொசுபேற்றைத் துளித் துளியாக விட்டுக் கலக்கினால் நனோத் துகள்கள் தாமாகவே உருவாகின்றன. பங்கசு தாக்கவந்ததாக எண்ணிச் செடி தன் பாதுகாப்பை எழுப்புகிறது, ஏனென்றால் பங்கசின் சுவரிலும் கைற்றின்தான் இருக்கிறது. கைட்டோசனோடு செம்பையும் சேர்த்த நனோத் துகள்கள் தக்காளியைத் தாக்கும் அல்ரனேரியா, பியூசேரியம் என்ற இரு பங்கசுகளின் வளர்ச்சியையும் ஆய்வுகூடத் தட்டில் 70 வீதத்துக்கு மேல் தடுத்ததாக இந்திய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். தட்டில் நடப்பது தோட்டத்தில் நடக்கும் என்பதில்லை. ஆனாலும் வாவிக்கரையில் குவிந்து நாறும் கோதுக்கு இப்படியொரு பயன் இருப்பது பேச வேண்டிய விடயம். இங்கும் தண்ணீரே குறுக்கே நிற்கிறது. நீரின் பீஎச் ஆறரைக்கு மேல் போனால் கைட்டோசன் கரைசலிலிருந்து பிரிந்து திரளும். காரத் தன்மையுள்ள கிணற்று நீரில் அதைக் கலப்பதும் வீண்.

தோட்டத்தில் செய்தது

நனோ எதுவும் அடிக்கவில்லை. தாழ்ந்த மூலையில் பால் இழை விட்ட செடிகளை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே எரித்தார்கள். அந்த மூலைக்குப் போகும் வாய்க்காலை மண்வெட்டியால் அடைத்து, அங்கிருந்து மற்றப் பாத்திகளுக்கு நீர் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்கள். மேட்டுப் பக்கத்தில் காய்க்கும் செடிகளை விட்டுவைத்தோம். கிடைக்கிற காயைப் பறித்துக்கொள்வதுதான் புத்தி.

அடுத்த போகத்துக்கு அந்த இடத்தில் கச்சான் வைக்கலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். றல்ஸ்ரோனியாவுக்குக் கச்சானும் பிடிக்கும், கழுத்தழுகலுக்கும் பிடிக்கும். தக்காளியும் மிளகாயும் கத்தரியின் உறவினர்கள்தான். சோளம் வைப்பதாக முடிவாயிற்று.

கத்தரி வேறு பாத்திக்குப் போகிறது. அதற்குச் சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டிய நாற்றுகள். சுண்டை வேர் பியூசேரியத்தையும் பற்றீரியா வாடலையும் வட்டப்புழுவையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். இந்த மூன்றுக்கும் ஒரே பதிலாக எனக்குத் தெரிந்த வரை அதைவிட மலிவானது இல்லை. நனோவைப் பற்றி எழுத வந்தவன் சுண்டையைப் புகழ்வது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரிக்கும் பழைய முறையையும் விடவில்லை. இளநாற்று அழுகலுக்கு அது இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.

நனோச் செம்புக்கு ஒரு சிறிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒட்டாத நாற்றுகளில் ஒரு பகுதிக்கு, மூன்று நான்கு இலைப் பருவத்தில், மழைநீரில் கலந்து ஒரே ஒரு முறை தெளிப்போம். இன்னொரு பகுதிக்குக் கொப்பர் ஒட்சிக்குளோரைட்டு என்ற சாதாரணச் செப்பு மருந்து, மூன்றாம் பகுதிக்கு வெறும் மழைநீர். மூன்றையும் பியூசேரியம் இருந்த மேட்டுப் பாத்தியிலேயே கலந்து நட்டு, குச்சியில் நிறத் துணி கட்டி அடையாளம் வைப்போம். எந்தத் துணி எதற்கு என்பது அவருக்குத் தெரியாமல் நான் குறித்து வைத்துக்கொள்வேன். வாடிய செடிகளை அவரே எண்ணுவார். தூளை உலர்ந்த நிலையில் தோட்டத்தில் திறக்கக் கூடாது, ஆய்வுகூடத்தில் நீரில் கலந்த பிறகே கொண்டு வர வேண்டும் என்பது என் நிபந்தனை. மூச்சோடு உள்ளே போகும் அளவுக்கு அது நுண்ணியது. விற்பனைக்கான காய் அந்தப் பாத்தியிலிருந்து போகாது என்பதையும் பேசி வைத்திருக்கிறோம், ஏனென்றால் பதிவு செய்யாத பொருளை உணவுப் பயிரில் அடித்துச் சந்தைக்கு அனுப்புவது சட்டப்படியும் சரியல்ல.

தோட்டக்காரர் இதற்கு ஒப்புக்கொண்டார். அவருடைய நிபந்தனையும் ஒன்றுதான்: ஒரு பாத்திக்கு மேல் தரமாட்டார். நீலப் போத்தலை அவரே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். செம்பு படிந்த ஆணியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பணத்தில் பாதி திரும்பக் கிடைத்தது, மீதிக்கு வெங்காய விதை கொடுத்தார்களாம்.